மழை வருமா: சேலையூரில் ஆறு நாட்கள்

சேலையூரில் நான் பிட்டுப் போட்ட முதல் இட்லி வாயில் இருக்கும்போதே அந்தக் கேள்வி வந்தது.

“இத எழுத உங்களுக்கு எவ்ளோ நாள் ஆச்சுக்கா?”

கேட்டவர் நூர்ஜஹான். நான் தங்க வந்திருந்த வீட்டுக்காரர். சட்டினிக் கிண்ணத்துக்கு இடம் வேண்டும் என்று என் புத்தகத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“ஏழு மாசம்,” என்றேன்.

“ஓ,” என்றார். பிறகு, “இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?” என்று இட்லிப் பானையைத் திறந்தார்.

மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் முப்பது வருடம் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். ஓகாரங்களில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியும். இது, ஏழு மாதத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்திருக்கலாமே என்ற வகை.

ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய ஒரே நாடகம் அது. ஒரு குடும்பம் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. யாருடைய கல்யாணம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தாய் குடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று “மழை வருமா?” என்று கேட்கிறாள். பதினெட்டு முறை கேட்கிறாள். ஒருவரும் பதில் சொல்வதில்லை. தகப்பன் பழைய செய்தித்தாளை உரக்கப் படிக்கிறான். பிள்ளைகள் இருவரும் செருப்பைத் தேடுகிறார்கள். ஓர் ஆள் வந்து வீட்டை அளந்துவிட்டு, யாருக்காக அளந்தேன் என்று சொல்லாமலே போகிறான். கடைசியில் நால்வரும் வீட்டுக்குள்ளேயே குடை விரித்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்த வகைக்கு அபத்த நாடகம் என்று பெயர். தைப்பிங்கில் அநேகமாகத் தினமும் மழை. எத்தனை மணிக்கு வரும் என்று கேட்போமே தவிர, வருமா என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியே எனக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

நூரின் கணவர் சாதிக் குரோம்பேட்டையில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். சென்னைப் புறநகரான இந்தச் சேலையூரில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு வாசகர் வட்டத்தையும் அவர்தான் நடத்துகிறார். என் புத்தகம் எப்படியோ அவர் கைக்குப் போய், அவர் அதை வட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படிக்கப் போகிறோம், நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று என்னைப் பிடித்த பிடியில் வியாழக்கிழமை காலை இட்லிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, அந்தப் பதினெட்டு தடவ இருக்கே,” என்று குளித்துவிட்டு வந்த சாதிக் ஆரம்பித்தார். “கடையில உக்காந்துதான் படிச்சேன். ஃபேன் வாங்க வந்த ஆளு, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தண்ணி பாட்டில நீட்டறான். அப்படி சிரிச்சேன். இல்ல நூர்?”

நூர் எனக்குத் தேநீர் கொண்டுவரப் போய்விட்டார்.

பிறகு சாதிக் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வட்டத்திலேயே நன்றாக வாசிக்கக்கூடியவர் நூர்தான். தாய் பாத்திரத்தை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பத்து நாள் முன்பு புத்தகத்தை மேசைமேல் வைத்து, “நான் படிக்கல,” என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே சொல்தானாம்.

“விடுங்கக்கா. சில பேருக்கு இது எட்டாது,” என்றார் சாதிக்.

சமையலறையில் கரண்டி ஒன்று சத்தமாக விழுந்தது.

எட்டாத புத்தகத்தை எழுதியவளுக்கு அந்த வீட்டில் உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. “பசியாறிட்டீங்களாக்கா?” என்று நூர் அடுத்த நாள் காலை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்பது எங்கள் ஊர்ச் சொல் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இங்கே முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்களாம். குழம்புக்கு அவர்கள் ஆணம் என்கிறார்கள். எதிர் வீட்டில் அதே மீனை அதே புளியில் போட்டால் குழம்பு.

வெள்ளிக்கிழமை காலை சாதிக்கின் கடையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை, வழி தவறவே முடியாது என்றார் நூர். தவறினேன். பெண்கள் பெட்டியில் இரண்டு பூக்காரப் பெண்கள் தெலுங்கில் அடிதடிக்குப் போவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் என்ன சண்டை என்று கேட்டேன்.

“சண்ட இல்ல ஆன்ட்டி. வெல ஏறிடுச்சுன்னு இவங்க சொல்றாங்க. அதெல்லாம் இல்ல, வெல ஏறிடுச்சுன்னு அவங்க சொல்றாங்க.”

அதை ரசித்துக்கொண்டிருந்ததில் குரோம்பேட்டையில் கதவருகே போய்ச் சேர முடியவில்லை. உள்ளே ஏறியவர்கள் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பல்லாவரத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, ஷேர் ஆட்டோ ஒன்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஒரு பையைக்கூட வைக்க விடமாட்டார்கள்.

என் பேச்சைக் கேட்டதும் ஓட்டுநர் விசாரிக்க ஆரம்பித்தார்.

“மலேசியாவா? இன்னா விசயமா வந்துகிறீங்க?”

சொன்னேன். கதை என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“அந்தம்மா மழ வருமா, மழ வருமான்னு கேட்டுகினே கீது. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அவ்ளோதானா மேடம்?”

“அவ்வளவுதான்.”

“இது எங்கூட்ல தெனிக்கும் நடக்குது. இத போயி புக்குல வேற போட்டுகிறீங்களே!”

பின்சீட்டிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார்: “உன் வூட்ல வாயத் தொறக்காத ஆளு யாருண்ணா? நீயா?”

ஆட்டோவே சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போனபின் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, “நான்தான்,” என்றார்.

அன்று மாலை ஒத்திகை. கேம்ப் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. வெள்ளைப் பலகையில் யாரோ பாதியில் விட்ட வேதியியல் சமன்பாடு அழிக்காமல் இருந்தது. நூருக்குப் பதிலாகத் தாய் பாத்திரத்தை நானே படிப்பது என்று முடிவாகியிருந்தது. சாதிக் தகப்பன். வீட்டை அளக்க வருபவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கராஜன். கல்லூரி ஆசிரியை கிரேஸ் மகளுக்கும் மகனுக்கும் சேர்த்துப் படிப்பார். எதிரே பத்துப் பதினைந்து பேர்.

படிப்பதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“நான் ரெண்டு தடவ படிச்சேன் மேடம்,” என்றார் ரங்கராஜன். “தப்பா எடுத்துக்காதீங்க. இதுல மெசேஜ் என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் கிரேஸ் குறுக்கிட்டார். “சார், மெசேஜ் இல்லைங்கறதுதான் இதோட பாயின்ட்டே.”

“அப்ப இல்லாத மெசேஜுக்கு ஏம்மா அறுபது பக்கம்?”

“உங்க வாழ்க்கைல எல்லாத்துக்கும் மெசேஜ் இருக்கா சார்?”

“என் வாழ்க்கைய நான் அச்சுப் போட்டு யாருக்கும் குடுக்கலியே!”

சாதிக் சிரித்துச் சிரித்து மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது பின்வரிசையில் இருந்த செல்வம் என்பவர் எழுந்தார். முடிச்சூரில் தரைத்தள வீட்டுக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் குரலில் கோபம் இல்லை.

“மேடம், எங்க தெருவுல ஒரு வருஷம் தண்ணி ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. அதுலேர்ந்து மேகம் கறுத்தாலே என் ஒய்ஃப் இதத்தான் கேப்பாங்க. மழை வருமா, மழை வருமான்னு. நான் மாடி வீட்டுக்காரர்கிட்ட சாவி வாங்கி வெச்சுப்பேன். எனக்கு அந்தப் பக்கம் படிக்கறப்போ சிரிப்பு வரல. புக்க மூடி வெச்சுட்டேன். அவ்ளோதான் சொல்ல வந்தேன்.”

உட்கார்ந்துவிட்டார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? தைப்பிங்கில் என் வீடு மேட்டில் இருக்கிறது.

ஒத்திகை சுமாராகத்தான் போனது. நான் “மழை வருமா” என்று கேட்ட ஒவ்வொரு முறையும் சிலர் சிரித்தார்கள். நாடகத்துக்கு அல்ல, என் உச்சரிப்புக்கு.

சனிக்கிழமை சாதிக் கடைக்குக் கிளம்பும்போது, “அக்காவுக்கு வண்டலூர் ஜூவக் காட்டிட்டு வாயேன்,” என்று நூரிடம் சொன்னார். நூர் சரி என்று சொன்ன வேகம் எனக்கு விசித்திரமாக இருந்தது. அவர் சமையலறைக்குப் போய்க் கட்டிய சாப்பாடு நான்கு பேருக்குக் காணும்.

ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டும்போது நூர் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“உங்க புக்கு எனக்குப் புரியலன்னு அவரு நெனச்சிட்டிருக்காரு.”

“நீங்க அப்படிச் சொல்லலையே.”

“புரிஞ்சுதுக்கா. நல்லாவே புரிஞ்சுது. எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஷபானா. கட்டிக் குடுத்து பத்தே மாசத்துல திரும்பி வந்தா. அங்க அடிக்கல, திட்டல. என்னால அங்க வாழ முடியாதும்மான்னு மட்டும் சொன்னா. மொதல்ல திரும்பிப் போ, அப்புறம் பேசலாம்னாரு இவரு. அவ போகல. வண்டலூர்ல ஒரு வீடு பாத்துகிட்டு வேலைக்குப் போயிட்டிருக்கா. மூணு வருஷம் ஆச்சு. அத்தாவும் மகளும் ஒரு வார்த்த பேசல.”

ரயில் சிக்னலில் நின்று புறப்பட்டது.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுதுட்டு வந்து சாப்பிட உக்காருவாரு. நல்ல மூட்ல இருப்பாரு. நான் கேப்பேன், ஷபானாவ வரச் சொல்லட்டுமா? வேணான்னு சொன்னாக்கூடப் பரவாயில்லக்கா, சண்ட போடலாம். அவரு, மோட்டார் ஆஃப் பண்ணிட்டியான்னு கேப்பாரு. இல்லன்னா பேப்பர எடுத்து வெச்சுப்பாரு. மூணு வருஷமா. அந்த மனுஷன் உங்க புக்குல அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு என்கிட்ட ஓடி வர்றாரு. பாரு நூர், அந்தம்மா கேட்டுகிட்டே இருக்கா, ஒருத்தரும் பதில் சொல்லல, என்ன கற்பனை பாருன்னு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. நான் என்ன செய்ய? கூடச் சிரிக்கவா?”

“அந்த இடத்த நாளைக்கு எடுத்துடட்டுமா?” என்றேன்.

“வேணாம். அவருக்குப் பிடிச்சதே அந்த இடந்தான்.” பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “வண்டலூர் வந்துடுச்சு.”

ஜூவின் வாசலில் பைகளைச் சோதித்தார்கள். என் பிஸ்கட் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எடுத்துவிட்டு, பிஸ்கட்டுகளைக் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே மரங்களுக்கு நடுவே வெகுதூரம் நடை. வெள்ளைப் புலி முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அதைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி ஒரு கூட்டமே கைதட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நீலச் சுடிதார், தலையில் துப்பட்டா, தோளில் துணிப்பை, நூரின் அதே மூக்குடன் ஒரு பெண் நின்றாள். எங்களைப் பார்த்ததும் நடந்துதான் வந்தாள். கடைசிப் பத்தடி மட்டும் ஓடினாள்.

ஷபானா கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நூர் அவளுக்கு மட்டன் சுக்காவை அள்ளி அள்ளி வைத்தார். இன்னொரு டப்பா நிறைய அவள் கொண்டுபோக. நான்கு பேர் சாப்பாட்டின் கணக்கு புரிந்தது.

“நீங்கதான் அந்த புக்கு எழுதினவங்களா?” என்று ஷபானா என்னிடம் கேட்டாள். “அம்மா போன்ல ஒரு மணி நேரம் திட்டினாங்க. இவ்ளோ திட்டற புக்க எப்படி ஆன்ட்டி படிக்காம இருக்கறது? வாங்கிட்டேன். பாதி முடிச்சிருக்கேன்.”

“எப்படி இருக்கு?”

“முழுசா படிச்சிட்டு சொல்றேனே.” வளர்ந்த பிள்ளை, இங்கிதம் தெரிந்தவள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். “அத்தா எப்படி இருக்காங்க?”

“முட்டி வலி. மாத்திரை போட மாட்டேங்கறாரு.”

“நேத்து கேட்டியாம்மா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மோட்டார் ஆஃப் பண்ணச் சொன்னாரு.”

ஷபானா தாயைப் பார்த்தாள். நூர் மகளைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. இருவரும் பெஞ்சில் சாய்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, புலியைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். சிரித்து முடித்து இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது துப்பட்டாக்கள் நன்றாகவே நனைந்திருந்தன. நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிச் சிரிப்பை எழுத வேண்டும் என்றுதான் ஏழு மாதம் முயன்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று என் பகுதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கையை நீட்டினார்.

“குடுங்க. நானே படிக்கறேன்.”

“பிடிக்கலன்னு சொன்னீங்களே?”

“பிடிக்கலதான். ஆனா நீங்க படிச்சா மலேசியாவுல மழை வருமான்னு கேக்கற மாதிரியே இருக்கு.”

சாதிக்குக்கு ஒரே குஷி. மாடிக்கு மின்விசிறி ஒன்று கூடுதலாகக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினார். மாலை ஐந்து மணிக்கு நாற்காலிகள் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். செல்வமும் வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் முன்வரிசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நூர் நன்றாக வாசிப்பார் என்று சாதிக் சொன்னது மிகையில்லை. ரேஷன் கடையில் கேட்பதுபோல், டாக்டரிடம் கேட்பதுபோல், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல் ஒவ்வொரு “மழை வருமா”வும் வேறு வேறாக வந்தது. ஏழாவது, எட்டாவதில் மாடியே சிரித்தது. ரங்கராஜன்கூடச் சிரித்தார். சாதிக் பழைய செய்திகளைக் கம்பீரமாகப் படித்துக்கொண்டே போனார்.

பதினெட்டாவது முறை கேட்டாயிற்று. அடுத்து, வீட்டை அளப்பவர் உள்ளே வரவேண்டும். ரங்கராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“மழை வருமா?” என்றார் நூர்.

ரங்கராஜன் தன் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“மழை வருமா?”

இப்போது நூர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். சாதிக்கை மட்டும் பார்த்துக் கேட்டார். யாரோ இருவர் சிரித்தார்கள். சாதிக்கும் சிரித்துவிட்டு, தான் எதையோ விட்டுவிட்டோமோ என்று ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே புரட்டினார்.

“மழை வருமா?” என்றார் நூர், இருபத்தோராவது முறை. குரலை உயர்த்தவில்லை. சோறு பரிமாறும்போது கேட்பதுபோல் கேட்டார்.

சாதிக் புரட்டுவதை நிறுத்தினார். அந்தக் குரல் எந்தக் குரல் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகம் சொன்னது. செய்தித்தாளுக்காகக் கையில் வைத்திருந்த காகிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இது நாடகத்தில் உள்ளதா இல்லையா என்று பலருக்குத் தெரியவில்லை.

“மழை வருமா?”

நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எழுந்து நிறுத்தலாமா என்று நினைத்தேன். சாதிக் எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டவர். அவரை ஊர் முன்னால் இப்படி நிற்கவைப்பது என் புத்தகம்தான். ஆனால் கேள்வி என்னுடையது இல்லை. நிறுத்த எனக்கு உரிமையும் இல்லை.

நூர் இன்னும் ஒருமுறை கேட்டார். சாதிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். காகிதத்தை நான்காக மடித்தார்.

“வரட்டும்,” என்றார்.

மிகவும் மெல்லத்தான் சொன்னார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மழைக்கும் மகளுக்கும் தமிழில் அது ஒரே சொல்தான். நூருக்குக் கேட்டது. புத்தகப்படி அந்த இடத்தில் தாய் உட்காரக் கூடாது. நூர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரங்கராஜன் எழுந்து வந்து வீட்டை அளந்தார்.

முடிந்ததும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பெரிய சண்டை. கிரேஸுக்குத் தாங்கவில்லை. “பதில் கிடைக்காததுதானே நாடகமே? ‘வரட்டும்’னு சொன்னா முடிஞ்சுபோச்சு. டெக்ஸ்ட்ட மாத்த யாருக்கும் உரிமை கிடையாது.”

“இல்லம்மா,” என்றார் ரங்கராஜன். “இப்பதான் எனக்கு மெசேஜ் கெடச்சுது.”

“என்ன மெசேஜ் சார்?”

“அது சொல்லத் தெரியல.”

செல்வத்தின் மனைவி நூரிடம் போய், கையைப் பிடித்து என்னவோ கேட்டார். பிறகு கூட்டம் என் பக்கம் திரும்பியது. மேடம், நீங்களே சொல்லுங்கள், அந்த “வரட்டும்” புத்தகத்தில் இருக்கிறதா?

சாதிக் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

“இருந்துச்சு,” என்றேன். “அச்சுல விட்டுப்போச்சு.”

முப்பது வருடம் பொய் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள்தான் நான்.

திங்கட்கிழமை முழுக்க அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாதிக் வழக்கம்போல் கடைக்குப் போனார். நூர் வழக்கம்போல் சமைத்தார். நான் கேம்ப் ரோட்டில் கொஞ்சம் நடந்து, ஊருக்கு முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் வாங்கினேன். வாங்கும்போதெல்லாம் அதே யோசனை. கூட்டத்துக்கு நடுவில் வாயிலிருந்து விழுந்த சொல்லை வீட்டுக்கு வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாரா? நூரிடம் கேட்கத் துணிச்சல் வரவில்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு இரண்டு முறை மொட்டை மாடிக்குப் போய் வந்ததைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாதிக் தானே கடைத்தெருவுக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்பவும் இல்லை.

“கடைக்குப் போகலியா?” என்றார் நூர்.

“குரோம்பேட்டைல கரண்ட் இல்லயாம்,” என்றார் மின்சாதனக் கடைக்காரர்.

பன்னிரண்டரைக்கு வெளிக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஷபானா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். சாதிக் நாற்காலியிலிருந்து எழவில்லை. பேப்பரையும் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்த்தா,” என்றாள்.

“வ அலைக்கும் ஸலாம்.” சாதிக் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். “பஸ்ல வந்தியா, ட்ரெயின்லயா?”

“ட்ரெயின்லத்தா.”

“கூட்டமா?”

“இல்ல. உக்காந்துதான் வந்தேன்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பேசியது அவ்வளவுதான். நூர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அழுகையோ மன்னிப்போ எதிர்பார்த்து நான் என் அறைக்குள் ஒதுங்கப் பார்த்தேன். நூர் விடவில்லை. எல்லோரையும் சாப்பிட உட்காரவைத்தார். கறி ஆணமும் நெய்ச்சோறும். சாதிக் குனிந்தே சாப்பிட்டார். ஷபானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஆன்ட்டி புக்க முடிச்சிட்டேன்,” என்றாள் பொதுவாக.

சாதிக் தலை நிமிர்ந்தார். “எப்படி?”

“கடைசிக் காட்சி தப்புத்தா.”

“தப்பா? அதான் நாடகத்துலயே பெஸ்ட்டு!”

“அந்த அளக்கற ஆளு ஹால் பத்துக்கு எட்டுன்னு சொல்றாரு. நான் வரைஞ்சு பாத்தேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, வாசப்பக்கம் கதவு வேற உள்ள தொறக்குது. அதுல நாலு பேர் குடை விரிச்சு உக்கார முடியாது.”

“அது அபத்த நாடகம்மா. அதுல அளவெல்லாம் பாக்கக் கூடாது.”

“அப்ப எதுக்கு அளக்க ஒரு ஆள வரவெக்கணும்?”

சாதிக் கையை உதறிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். “இங்க பாரு. அவன் அளந்தது இந்த ஹால்னு உனக்கு யாரு சொன்னது? அவன் வேற வீட்ட அளந்திருக்கலாம்ல?”

“அத்தா, நாப்பதாம் பக்கத்துல தெளிவா இருக்கு!”

“எங்க, காட்டு!”

அவள் எச்சில் கையோடு எழுந்து இடது கையால் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் கோடுகள். ஒரு பக்கத்தில் முழு வீட்டையே வரைந்திருந்தாள். சாதிக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதன்மேல் குனிந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆறு நாளில் அந்த வீட்டில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தம் அது. இதையெல்லாம் எழுதியவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்டால் தெரிந்துவிடும் என்ற யோசனையே இருவருக்கும் வரவில்லை.

நூர் என் தட்டில் இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றினார்.

“நீங்க சாப்பிடுங்கக்கா,” என்றார். “இது இப்போதைக்கு முடியாது.”